பதில் சொல்வது மட்டுமா பேச்சு?

“எல்லாம் பேசறான் மேடம், ஆனா பேச மாட்டேங்கறான்.”

ஆட்டிசம் உள்ள குழந்தையை என்னிடம் ஸ்பீச் தெரபிக்குக் கூட்டிவரும் பெற்றோர் பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். முரணாகத் தெரிந்தாலும் அவர்கள் சொல்வது சரிதான். பையனுக்கு ஏபிசிடி தெரியும், நிறங்கள் தெரியும், கார் கம்பெனிப் பெயர்கள் அத்தனையும் தெரியும். ஆனால் பள்ளி விட்டு வந்ததும் “இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா” என்று ஒரு வார்த்தை வராது. தெருவில் மற்ற பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது, இவன் கேட் தாழ்ப்பாளைத் திறந்து மூடிக்கொண்டிருப்பான்.

அதே பெற்றோர் வெளியே காத்திருக்கும்போது குழந்தையிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனிப்பேன். “இது என்ன கலர்? ஃபேன் எங்க இருக்கு? ஆன்ட்டிக்குப் பேர் சொல்லு. ஹாய் சொல்லு. ரைம்ஸ் சொல்லு.” எல்லாமே கேள்வி, இல்லாவிட்டால் கட்டளை. கேட்கிறவருக்கு விடை ஏற்கெனவே தெரியும் என்பது குழந்தைக்கும் தெரியும். காலையில் கண் விழித்ததிலிருந்து யாராவது நம்மிடம் இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் நாமும் தாழ்ப்பாள் பக்கம்தான் போவோம். இதில் பெற்றோரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேச்சு தாமதமானால் பயம் வரும், பயத்தில் கேள்விதான் வாயில் வரும். ஃப்ளாஷ் கார்டை நீட்டி “வாட் இஸ் திஸ்” என்று கேட்பதையே தெரபி என்று நடத்தும் இடங்களும் இருக்கின்றன.

பேச்சின் வேர் பதிலில் இல்லை, காட்டுவதில் இருக்கிறது. வானத்தில் விமானம் போனால், ஒரு வயதை ஒட்டிய குழந்தை அதைப் பார்க்கும், கையை நீட்டும், திரும்பி அம்மா முகத்தைப் பார்க்கும். “நீயும் பார்த்தியா?” என்பதுதான் அதற்குப் பொருள். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளிடம் இந்தப் பகிர்வு தாமதமாக வருகிறது, அல்லது வேறு உருவத்தில் வருவதால் நம் கண்ணில் படாமல் போகிறது. ஆகவே வீட்டில் முதலில் செய்ய வேண்டியது, கேள்விகளைப் பாதியாகக் குறைத்து, கண்ணில் படுவதைச் சும்மா சொல்வது. “அட, மழை வருது.” “தோசை கருகிடுச்சு!” சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த மௌனத்தை நிரப்பாமல் இருப்பதுதான் பெரியவர்களுக்கு ரொம்பக் கஷ்டம்.

காத்திருப்பதைப் பழக நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு விளையாட்டு இருக்கிறது. குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்பு கடைந்து, அம்மாவுக்குக் கொஞ்சம், அப்பாவுக்குக் கொஞ்சம் என்று விரல் விரலாக மடக்கி, “நண்டு ஊருது, நரி ஊருது” என்று கைமேல் விரல்களை நடத்தி, அக்குளில் கிச்சு கிச்சு. ஒவ்வொரு முறையும் ஒரே வரிசை, ஒரே ராகம், ஒரே முடிவு. அடுத்து என்ன என்று முன்கூட்டியே தெரிவதை விரும்பும் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. நாலைந்து முறை முழுதாக விளையாடிய பிறகு, “நரி ஊருது…” என்று தோளருகே விரலை நிறுத்திவிடுங்கள். குழந்தை உடம்பை நெளிக்கலாம், உங்கள் கையை இழுக்கலாம், ஒரு “ம்” சொல்லலாம். அதுவே அவன் முறை. அதைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டு உடனே கிச்சு கிச்சு மூட்டுங்கள். “சொன்னாத்தான் பண்ணுவேன்” என்று பேரம் பேசாதீர்கள். தொடுவது பிடிக்காத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு ஊஞ்சலைத் தள்ளுமுன் “ஒண்ணு, ரெண்டு…” என்று நிறுத்தினால் போதும்.

அடுத்து, கேட்டதையே திருப்பிச் சொல்லும் பழக்கம். 1943இல் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய, ஆட்டிசம் குறித்த தன் முதல் கட்டுரையிலேயே இது பதிவாகியிருக்கிறது. பொருளற்ற கிளிப்பேச்சு என்று இதை நிறுத்தப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. 1980களில் பேரி பிரிசன்ட் போன்ற பேச்சு-மொழி வல்லுநர்கள் உட்கார்ந்து கவனித்தபோது, இந்தத் திருப்பிச் சொல்லலில் பெரும்பகுதிக்கு வேலை இருப்பது தெரிந்தது. கேட்பதற்கு, மறுப்பதற்கு, தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ள என்று பல வேலைகள். தமிழில் இதன் எளிய உதாரணம் “தண்ணி வேணுமா?” குழந்தைக்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் அம்மா வாயிலிருந்து வந்தது அந்த வாக்கியம்தான். ஆகவே தாகம் எடுத்தால் குழந்தையும் அதையே சொல்கிறது. அதைத் திருத்துவதாக நினைத்து “‘தண்ணி வேணும்’னு சொல்லு” என்றால், “தண்ணி வேணும்னு சொல்லு” என்று முழுதாகத் திரும்பி வரும்! குழந்தை தானே சொல்வது போல, “எனக்குத் தண்ணி வேணும்” என்று சொல்லிக்கொண்டே டம்ளரைக் கொடுத்துவிடுங்கள். சொல்லச் சொல்லாமல், கேட்கக் கொடுப்பது.

சில வாக்கியங்கள் இன்னும் சுற்றி வரும். மெட்ரோ ரயில் என்றால் உயிராக இருக்கும் ஒரு பையன், செஷன் அலுத்துப்போனால் “அடுத்த நிலையம்…” என்று அறிவிப்புக் குரலிலேயே ஆரம்பிப்பான். கிளம்பலாம் என்று அர்த்தம். “கிளம்பலாமா? சரி, போலாம்” என்று பதில் சொல்லத் தொடங்கினோம். பிறகு “போலாம்” அவனிடமிருந்தே வந்தது. அறிவிப்பும் கூடவே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

விளையாட்டுக்கு வருவோம். 1932இல் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், சிறு குழந்தைகள் தனியாக விளையாடுவது, வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் வேலையைப் பார்ப்பது, கூடி விளையாடுவது என்று பிரித்து எழுதினார். நாம் பெரும்பாலும் முதல் படியில் இருக்கும் குழந்தையைத் தூக்கிக் கடைசிப் படியில் வைக்கப் பார்க்கிறோம். கார்களை வரிசையாக அடுக்குகிறான் என்றால் “ஒழுங்கா ஓட்டி விளையாடு” என்று வரிசையைக் கலைக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்கென்று நாலு கார் எடுத்து நீங்களும் அடுக்குங்கள். அவன் ஓரக்கண்ணால் பார்ப்பான். இன்னொரு நாள் உங்கள் கார் ஒன்றை அவன் வரிசையின் வாலில் மெதுவாக நிறுத்துங்கள். தள்ளிவிட்டால் “சரி, வேண்டாம்” என்று எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுவைத்தால் ஹாரன் அடியுங்கள், “என்னப்பா இவ்ளோ டிராஃபிக்!” என்று அலுத்துக்கொள்ளுங்கள். சிரிப்பு வந்தால் அங்கே இரண்டு பேர் விளையாடுகிறார்கள்.

அந்த “வேண்டாம்” முக்கியம். சொல்லால், சைகையால், படத்தால் எப்படிச் சொன்னாலும் அதற்கு மதிப்பு இருக்கிறது என்பதைக் குழந்தை அனுபவத்தில் அறிய வேண்டும். எதற்கும் தலையாட்டப் பழக்கப்பட்ட பிள்ளை, தப்பான ஆளுக்கும் தலையாட்டும்.

மற்ற பிள்ளைகளோடு பழக்க, பிறந்தநாள் பார்ட்டியில் கொண்டுபோய் விடுவதுதான் மிக மோசமான தொடக்கம். பலூன் வெடிப்பு, ஸ்பீக்கர் சத்தம், ஓட்டம். ஒரே ஒரு பிள்ளை போதும். அத்தை மகனோ எதிர்வீட்டுப் பாப்பாவோ, அரை மணி நேரம். ‘கல்லா மண்ணா’ மாதிரி யார் எப்போது எங்கே தாவுவார்கள் என்று தெரியாத ஆட்டத்தைவிட, பல்லாங்குழியும் ஏணியும் பாம்பும் எளிது. இப்போது யார் முறை என்பது கண்ணால் பார்க்கும்படி இருக்கிறது. தோற்றால் அழுகிறான் என்றால், கொஞ்ச நாள் வெற்றி தோல்வி இல்லாமல் சோழியைப் போடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். கூட விளையாடும் பிள்ளையிடமும் பேசுங்கள். “அவன் உன்னைப் பார்க்கலைன்னாலும் நீ சொல்றது அவனுக்குக் கேக்கும், கொஞ்சம் பொறு” என்றால் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது. பெரியவர்கள்தான் “என்னைப் பார்த்துப் பேசு” என்று முகவாயைத் திருப்புகிறார்கள். கண்ணைப் பார்த்தால் காதில் விழுவது நழுவிவிடுகிறது என்று ஆட்டிச நிலையில் உள்ள பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கும்போது வரும் பேச்சு, எதிரே உட்கார்ந்தால் வராது.

பழகும் திறன் குறைவு என்று ஒரு பக்கம் மட்டும் விரல் நீட்டுவது நியாயமில்லை என்று 2012இல் டேமியன் மில்டன் என்ற பிரிட்டன் ஆய்வாளர் எழுதினார். அவரும் ஆட்டிச நிலையில் உள்ளவர். புரிதல் குறைவு இரண்டு பக்கமும் இருக்கிறது என்பது அவர் வாதம். 2020இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லி நகர்த்தச் செய்தார்கள். ஆட்டிச நிலையாளர்கள் மட்டும் இருந்த வரிசையும், அப்படி யாரும் இல்லாத வரிசையும் ஏறக்குறைய சமமாகச் செய்தன. கலந்த வரிசையில்தான் தகவல் அதிகம் தேய்ந்தது. பஸ் ரூட் நம்பர் பைத்தியம் பிடித்த இரண்டு பையன்கள் என் அறையில் சந்தித்துக்கொண்டால், நான் பேச இடமே கிடைக்காது.

வீட்டு மொழி பற்றி ஒன்று. “ஸ்கூல்ல இங்கிலீஷ், வீட்லயும் இங்கிலீஷே பேசுங்க, குழப்பாதீங்க” என்ற அறிவுரையை இன்னமும் கேட்கிறேன். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆங்கிலம் சரளமில்லாத அம்மா ஆங்கிலத்துக்கு மாறினால் கொஞ்சலும் கதையும் போய், “கம், சிட், ஈட்” மட்டும் மிஞ்சும். படம் காட்டிப் பேசப் பழக்கினால் வாய்ப்பேச்சு வராது என்ற பயத்துக்கும் ஆதாரமில்லை. சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழிலேயே படங்களைத் தொட்டுப் பேசலாம்.

சந்தேகம் இருந்தால் “பையன்னா லேட்டாத்தான் பேசுவான்” என்று காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. மையம் (குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தை ஆரம்பத்திலேயே கண்டறிந்து உதவும் மாவட்ட மையம்) எங்கே என்று விசாரியுங்கள். சென்னையை ஒட்டி இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது. தனியார் தெரபி என்றால், சேருமுன் ஒரு செஷனில் கூட உட்கார அனுமதி கேளுங்கள். உள்ளே குழந்தை எத்தனை முறை தானாக எதையாவது தொடங்குகிறது, தெரபிஸ்ட் எத்தனை முறை காத்திருக்கிறார் என்று பாருங்கள். பெற்றோருக்குக் கதவைச் சாத்திவிட்டு, மாதக் கடைசியில் மார்க் ஷீட் மட்டும் தரும் இடமாக இருந்தால் வேறு இடம் தேடுங்கள்.