நீட் எழுதும் முன்பு பள்ளிப் பலகையைப் படியுங்கள்: 7.5 சதவீத இடம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை

முக்கூடல் பக்கத்து ஊர் ஒன்று. அம்மா மடியில் சுளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே பேசினார். மகள் நீட் தேர்வில் தேறியிருந்தாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசு மேல்நிலைப் பள்ளி. “அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி இடம் இருக்கிறதாமே டீச்சர், எங்களுக்குக் கிடைத்துவிடும்தானே?” என்று கேட்டார். ஆறு முதல் எட்டு வரை எங்கே படித்தாள் என்று கேட்டு, அந்தப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். பள்ளியின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘நிதி உதவி பெறும்’ என்று இருந்தது. இடம் கிடைக்காது என்று சொல்ல வேண்டியதாயிற்று. “அங்கேயும் சத்துணவுதானே போட்டார்கள்? புத்தகம் சும்மாதானே கொடுத்தார்கள்?” என்றார் அந்த அம்மா. என்னிடம் பதில் இல்லை. அரசாணை எழுதியவர்களிடம் இருக்கலாம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறியவர்களுக்குத் தமிழ்நாட்டின் மருத்துவ, பல் மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதேபோலத் தனிச் சட்டம் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தனியார் மருத்துவக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கும் இது பொருந்தும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்குப் பொருந்தாது. பொருந்தும் என்று எந்தத் தரகராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

தகுதி என்ன? ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு ஆண்டும் அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாம் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது.

நம் திருநெல்வேலிச் சீமையில் இந்தக் கடைசி வரிதான் ஆளைக் கவிழ்க்கிறது. பாளையங்கோட்டையைத் ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பெருமையைக் கட்டியவற்றில் பெரும்பங்கு உதவி பெறும் பள்ளிகள். தேரிக்காட்டு ஊரிலும் சரி, ஆற்றங்கரை ஊரிலும் சரி, நடந்து போகிற தூரத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு மிஷன் பள்ளிக்கூடம், இல்லையென்றால் ஓர் ‘இந்து நடுநிலைப் பள்ளி’. ஆசிரியருக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது; மதிய உணவு, பாடநூல், சீருடை எல்லாம் அரசு கொடுப்பதுதான். நிர்வாகம் மட்டும் தனியார். பத்து வயதுப் பிள்ளையைச் சேர்க்கப் போகிற தாய்க்கு இந்த வித்தியாசத்தை யார் சொன்னார்கள்? சேர்க்கை விண்ணப்பத்தில் ஒரு வரி அச்சடித்திருந்தால் போதும். இதுவரை என் கண்ணில் படவில்லை.

ஆகவே ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், பள்ளி வாசலில் நின்று பலகையை முழுவதுமாகப் படியுங்கள். ‘அரசு’ என்று தொடங்குகிறதா, ‘அரசு உதவி பெறும்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல உதவி பெறும் பள்ளியை விட்டுவிடச் சொல்லவில்லை. தெரிந்து முடிவெடுங்கள் என்கிறேன்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த இடம் உண்டு. அப்படிச் சேர்ந்ததற்கான சான்றைத் தனியார் பள்ளி தர வேண்டும். கட்டணம் கட்டாமல் படித்தான் என்று வாயால் சொன்னால் எடுபடாது.

இன்னொரு பொறி, இடையில் விட்டுப்போகிற ஓராண்டு. குடும்பம் திருப்பூருக்கு வேலைக்குப் போனது. பிள்ளை ஏழாம் வகுப்பை அங்கே ஒரு தனியார் பள்ளியில் படித்தான். எட்டில் ஊருக்குத் திரும்பி அரசுப் பள்ளியில் சேர்ந்தான். ஏழில் ஆறு ஆண்டு அரசுப் பள்ளி என்பதால் கருணை காட்ட மாட்டார்கள். பள்ளிக் கல்வித்துறையின் எமிஸ் பதிவில் எந்த ஆண்டு எந்தப் பள்ளி என்பது இருக்கிறது. மறைக்கவும் முடியாது, மறைக்கவும் கூடாது.

இந்த உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் கைகழுவப்பட்டவர்கள் அல்லர். பொதுத் தரவரிசையில் இவர்களுக்கும் வழக்கமான சமூக ஒதுக்கீடு அப்படியே உண்டு. தமிழ் வழியில் படித்திருந்தால் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

சரி, தகுதி இருக்கிறது. அடுத்து அதைத் தாளில் நிரூபிக்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார் என்பதற்குப் படித்த பள்ளித் தலைமை ஆசிரியரின் சான்று வேண்டும். படிவம் அந்தந்த ஆண்டு மருத்துவச் சேர்க்கைக் கையேட்டில் இருக்கும். வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை குத்தி வாங்கிவராதீர்கள். எந்த அதிகாரியின் மேலொப்பம் என்று படிவத்தில் அச்சாகியிருக்கிறதோ அவரிடமே வாங்குங்கள்.

இதில் நம் பக்கத்துக்கே உரிய ஓர் அலைச்சல் இருக்கிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. கடையம் பக்கத்துப் பையன் ஒருவன் ஆறாம் வகுப்பு படித்தபோது பள்ளி திருநெல்வேலி மாவட்டம். அவன் பன்னிரண்டு முடித்தபோது தென்காசி மாவட்டம். ஓர் அலுவலகத்தில், “இது இப்போது எங்கள் எல்லை இல்லை” என்றார்கள். மற்றதில், “பழைய பதிவேடு எங்களிடம் வரவில்லை” என்றார்கள். அவன் அப்பா மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தார். மாவட்டத்தை அரசு பிரித்தது. பதிவேட்டைத் தேடுகிற வேலை மட்டும் எப்படியோ அவர் தலையில் விழுந்தது. பள்ளி இப்போது எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்ட அலுவலகத்தைத்தான் பிடிக்க வேண்டும். இல்லை என்றால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்தில் கேட்டவுடன் பல பதிவேடுகள் தாமாகவே கிடைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

காலத்தைக் கவனியுங்கள். மே மாதம் பள்ளி பூட்டியிருக்கும். தலைமை ஆசிரியர் சொந்த ஊரில் இருப்பார். முடிவு வந்தபின் ஓடலாம் என்று இருந்தால் ஓடுவதற்கு இடம் இருக்காது. பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டு விடுமுறைக்கு முன்பே பழைய பள்ளிகளின் சான்றுகளை வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். படிவம் மாறினால் திரும்ப வாங்குவது, முதன்முறை வாங்குவதைவிட எளிது.

இனி நீட் விண்ணப்பம். பெயரில் தொடங்குகிறது வம்பு. இசக்கியம்மாள் என்ற பெயரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் ‘ஐ’ என்ற எழுத்தில் தொடங்கியிருப்பார்கள். ஆதாரில் ‘ஈ’ என்ற எழுத்தில். முப்புடாதிக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் என்று எண்ணவே முடியாது. முன்னெழுத்து ஒன்றில் முன்னால், மற்றொன்றில் பின்னால். பதினொன்றாம் வகுப்பிலேயே இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து, ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்திவிடுங்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கும்போது ஆதார் மையத்தில் வரிசை எவ்வளவு நீளம் என்று தெரியும்தானே.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பிக்கிறவர்கள் தங்கள் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுங்கள். அவசரத்தில் கடைக்காரர் தம்முடையதையே போட்டுவிடுகிறார். நுழைவுச் சீட்டு, விடைக்குறிப்பு, முடிவு பற்றி வருகிற செய்தியெல்லாம் அவர் கைப்பேசிக்குப் போகும். அவர் கோவில் கொடைக்குக் கடையடைத்துவிட்டுப் போயிருந்தால் உங்கள் கதி?

பிரிவு என்ற கட்டத்தில் அடுத்த குழி. நம் சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் என்றோ மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்றோ இருக்கும். நீட் படிவம் கேட்பது ஒன்றிய அரசுப் பட்டியலின்படியான ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்), அதிலும் வளமான பிரிவினர் அல்லாதவர். 2025 விண்ணப்பத்தில் பொதுப்பிரிவுக்கு 1,700 ரூபாய், ஓபிசிக்கு 1,600 ரூபாய் கட்டணம். நூறு ரூபாய் குறைகிறதே என்று குறித்துவிட்டுச் சான்றிதழை மறந்துவிடுகிறார்கள். அகில இந்திய ஒதுக்கீட்டில் அந்தப் பிரிவில் இடம் கிடைத்தால், சேருகிற அன்று அந்தத் தனிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். மாநிலச் சாதிச் சான்றிதழ் அங்கே உதவாது. மாநிலக் கலந்தாய்வுக்கு மாநிலச் சான்றிதழே போதும். மேலப்பாளையத்துப் பிள்ளைகள் அதில் ‘பிற்படுத்தப்பட்டோர் முஸ்லிம்’ என்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனியாக 3.5 சதவீதம் இருக்கிறது.

ஓபிசி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று போகும். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். அந்த வருமானக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. பஸ் ஓட்டுநரின் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்து மகனின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்த கதையும் நடந்திருக்கிறது. தள்ளுபடி செய்தால் காரணத்தைப் படித்துவிட்டு, விதியைச் சொல்லி மறுபடி விண்ணப்பியுங்கள்.

இவ்வளவு தாளுக்கு நடுவே பிள்ளை படிக்கவும் வேண்டும். தேர்வு 2025-இல் மாறிவிட்டது. அதற்கு முன்பு ஒவ்வொரு பாடத்தின் இரண்டாம் பகுதியிலும் 15 கேள்வி கொடுத்து 10 எழுதினால் போதும் என்ற சலுகை இருந்தது. மொத்தம் 200 கேள்வி, 2022 முதல் 200 நிமிடம். சலுகை போய்விட்டது. இப்போது 180 கேள்வி, 180 நிமிடம், எல்லாமே கட்டாயம். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. பழைய புத்தகக் கடையில் வாங்கிய 2021 முதல் 2024 வரையிலான மாதிரித் தாள்களை வைத்துக் கடிகாரம் பார்த்துப் பழகினால் கணக்குத் தப்பும். 2016 முதல் 2020 வரையிலான தாள்கள்தான் இன்றைய அளவுக்குப் பொருந்துகின்றன. 2024-இல் நீக்கப்பட்ட பாடப்பகுதிகளை மட்டும் அவற்றில் அடித்துவிடுங்கள்.

விடைத்தாள் வட்டத்தையும் சேர்த்துப் பழக வேண்டும். ஒரு வட்டத்தை நிரப்ப ஐந்து நொடி என்றால் 180 வட்டத்துக்குக் கால் மணி நேரம். வீட்டில் வினாத்தாளில் டிக் போட்டுப் பழகிய பிள்ளை இந்தக் கால் மணி நேரத்தைத் தேர்வறையில்தான் கண்டுபிடிக்கிறது.

சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். ‘தெரியாவிட்டால் தொடாதே’ என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். நான்கு விடைகளில் இரண்டு நிச்சயம் தவறு என்று தெரிந்தால் மிச்ச இரண்டில் ஒன்றைக் குறிக்கலாம். அப்படி இரண்டு கேள்விக்குக் குறித்து ஒன்று சரி, ஒன்று தவறு என்றாலும் 3 மதிப்பெண் மிச்சம். ஒன்றுமே தெரியாததில் நேரத்தைக் கொட்டாதீர்கள், அவ்வளவுதான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் வேறுபாடு வந்தால் ஆங்கிலமே இறுதி என்பது விதி. தமிழ்த் தாளோடு ஆங்கிலமும் அச்சாகி வரும். கலைச்சொற்களை மட்டும் இரண்டு மொழியிலும் படித்துவைத்தால், ஐயம் வந்த கேள்வியில் கண்ணைப் பக்கத்து வரிக்கு ஓட்டலாம்.

நீட் முடிவு வந்ததும் எல்லாம் தானாக நடக்கும் என்று இருந்துவிடாதீர்கள். நீட் விண்ணப்பத்தில் 7.5 சதவீதத்துக்குக் கட்டமே கிடையாது. தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கைக்குத் தனியாக விண்ணப்பித்து, அதில்தான் இந்த ஒதுக்கீட்டைக் கோர வேண்டும். நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு இந்த இரண்டாவது விண்ணப்பத்தைப் போடாமல் கடிதம் வருமென்று காத்திருந்த வீடுகள் உண்டு. கடிதம் வராது.

அதற்குள் ஜூன் மாதம் பிள்ளையை ஏதாவது கலைக் கல்லூரியில் சேர்த்திருப்பீர்கள், நியாயம்தான். மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் அங்கே கொடுத்திருப்பீர்கள். மருத்துவ இடம் கிடைத்ததும் அசலைக் கேட்டால், “முழு ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிற கல்லூரிகள் இருக்கின்றன. அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. சேர்க்கும்போதே எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன அசல் கொடுத்தோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திருப்பித் தர மறுத்தால் அந்த அறிவிப்பைக் குறிப்பிட்டு, தேதி போட்டு, முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். கடிதத்தின் நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று முத்திரை வாங்காமல் அந்த அறையை விட்டு வெளியே வராதீர்கள்.