கல் தேவாலயத்தைக் காற்று அசைக்குமா?

வாசகர் ஒருவரின் கேள்வி இது. அசைக்கும். வடக்கு பிரான்சின் போவே நகரிலுள்ள புனித பேதுரு பேராலயம் அதற்குச் சாட்சி.

1225-இல் தொடங்கிய பணியில், பீடப்பகுதி 1272-இல் முடிந்தது. அதன் கல் விதானம் சுமார் 48 மீட்டர் உயரம். இடைக்கால ஐரோப்பாவின் கோதிக் பாணியில் எழுந்த வேறெந்த ஆலய விதானமும் அதைத் தாண்டவில்லை. 1284-இல் அதில் ஒரு பகுதி சரிந்தது.

வளைவான விதானம் சுவரை வெளிப்பக்கம் தள்ளும். பாலம்போல் பாயும் முட்டுவளைவுகள் அந்தத் தள்ளலை வெளியே நிற்கும் முட்டுத்தூண்களுக்குக் கடத்தும். இதுவரை எளிது. ஆனால் கல் எவ்வளவு நசுக்கலைத் தாங்கினாலும், இடையிலுள்ள சுண்ணாம்புக் காரை இழுவையைத் தாங்காது. தூணில் இறங்கும் மொத்த விசை, அகலத்தின் நடு மூன்றிலொரு பங்குக்குள் செல்லவேண்டும். 1.5 மீட்டர் தூணில் அது வெறும் 50 செ.மீ. காற்று விசையை அதற்கு வெளியே ஒதுக்கினால், காற்று மோதும் பக்கத்து இணைப்பு வாய்பிளக்கும். அதில் மழைநீர் இறங்கிக் காரையை அரிக்கும். அடுத்த புயலில் பிளவு இன்னும் நீளும்.

இதைக் கண்ணால் பார்க்க வழிசெய்தவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொறியாளர் ராபர்ட் மார்க். ஆலயத்தின் குறுக்குவெட்டு வடிவில் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, காற்றின் தள்ளலுக்கு ஈடாக எடைகளைத் தொங்கவிட்டு, சுமார் 150 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி மெல்ல ஆறவிட வேண்டும். பிறகு எடைகளை எடுத்தாலும் தகைவு, அதாவது பொருளுக்குள் எழும் விசையின் அழுத்தம், தகட்டுக்குள்ளேயே உறைந்துவிடும்! ஒளியை ஒரே திசையில் அதிரும்படி வடிகட்டும் இரண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவே வைத்து ஒளி பாய்ச்சினால் பட்டைபட்டையாகக் கோடுகள் தெரியும். அவை நெருங்கும் இடத்தில் தகைவு சட்டென்று மாறுகிறது. 1970-களில் மார்க் இப்படித்தான் சுவருக்கும் வெளி முட்டுத்தூணுக்கும் நடுவே நிற்கும் இடைநிலை முட்டுத்தூண்களில் காற்று உண்டாக்கும் இழுவையைச் சுட்டிக்காட்டினார். சரிவின் காரணம் பற்றி மாற்றுக் கருத்துகள் உண்டு. எனக்கு மார்க்கின் வாதமே வலுவாகப் படுகிறது.

சரிவுக்குப் பின் தூண்களுக்கு இடையே புதிய தூண்களைச் செருகினார்கள். 1569-இல் முடிந்த 153 மீட்டர் கோபுரம் 1573-இல், ஆண்டவரின் விண்ணேற்ற நாளன்று விழுந்தது. கர்வத்துக்குக் கிடைத்த தண்டனை என்று இதைச் சொல்வது இயற்பியலுக்கு இழைக்கும் அநீதி. கோபுரத்துக்கு மேற்கே முட்டுக்கொடுக்க வேண்டிய நடுமண்டபம் கட்டப்படவே இல்லை, இன்றும் இல்லை.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் செலவில் ஒரு பங்கையாவது முன்கூட்டிய அளவீட்டுக்கு ஒதுக்கவேண்டும் என்பேன். போவேயில் முட்டுத்தூண்களைப் பிணைத்திருந்த இரும்புக் கம்பிகளை 1960-களில் அழகுக்காகக் கழற்றினார்கள். காற்றில் முட்டுகள் ஆடத் தொடங்கவே, எஃகுக் கம்பிகளை அவசரமாகப் பூட்டினார்கள்.