வீடு அவளுடையது, பெர்மிட்டில் யார் பெயர்?

மட்டக்களப்பில் மகளுக்குக் கல்யாணம் என்றால் முதலில் பேச்சில் வருவது வீட்டு வளவுதான். சீதன வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களிலும் இதே வழக்கம்தான். ஆனால் என்னிடம் வரும் பெண்கள் பலரிடம் உறுதி, அதாவது காணிப் பத்திரம், இருப்பதில்லை. "அப்பா எனக்கெண்டுதான் தந்தவர்" என்பார்கள். வாய்ச்சொல்லால் உறுதிக் காணி கைமாறாது. நொத்தாரிசு எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்து வைத்தால்தான் செல்லும்.

ஒரு காலத்தில் இங்கே முக்குவர் சமூகத்தின் வழக்கத்தில் வந்த முக்குவர் சட்டம் இருந்தது, முதுசம் தாய்வழியில் இறங்கியது. 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு அது போயிற்று. அதன் பிறகு மனைவி தன் காணியை விற்கவும் கணவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டை அவிழ்த்தது 1923இல் வந்த விவாகமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம். வாக்குரிமை வந்தது அதற்கும் எட்டு வருடம் கழித்து, 1931இல்.

இவ்வளவு காலமாகியும், "தேசவழமைப்படி புருசன் கையெழுத்து வேணும்" என்று சொல்லி எங்கள் பெண்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். இது எனக்குக் கோபம் தருகிற விசயம். தேசவழமை வடமாகாணத் தமிழருக்கான சட்டம். மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்ணை அது கட்டுப்படுத்தாது. தேசவழமைக்கு உட்பட்ட ஒருவரை மணந்தால் மட்டும், அந்த மண வாழ்க்கை நீடிக்கும்வரை அவருக்கும் அது பொருந்தும்.

பெரிய சிக்கல் பெர்மிட் காணியில், அதாவது அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அரச காணியில். படுவான்கரை வயல்கள், கல்லோயாக் குடியேற்றக் காணிகள் என்று பல இடங்களில் இருப்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி கொடுத்த பெர்மிட். தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரை நியமிக்காமல் தகப்பன் இறந்தால், அந்தச் சட்டத்தின் பழைய வாரிசு அட்டவணையில் மகன்தான் முன்னால், மகள் பின்னால். மனைவி அனுபவிக்கலாம், விற்க முடியாது. மறுமணம் செய்தால் அந்த உரிமையும் போய்விடும். போரில் கணவரை இழந்த எத்தனையோ பேரை இது வாட்டியது. ஒரு பெண் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்த தகப்பனின் பெர்மிட் மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. பின்னுரித்தாளர் பெயர் எழுதும் இடம் வெறுமை. வருடக்கணக்காக அந்த வயலைச் செய்தது அவர், அட்டவணையில் முன்னால் நின்றது வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்.

2022இல் வந்த திருத்தம் இந்த ஆண், பெண் பேதத்தை எடுத்துவிட்டது. நல்ல விசயம். ஆனாலும் சட்டம் மாறியதை நம்பிப் பின்னுரித்தாளர் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விடாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளையும் பாருங்கள். 'குடும்பத் தலைவர்' என்று கணவர் பெயரிலேயே பல வீடுகள் பதியப்பட்டன. சீதன வளவைக் கடல் கொண்டுபோனது, புது வீட்டிலோ அந்தப் பெண்ணின் பெயர் இல்லை.

பெர்மிட்காரர் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பின்னுரித்தைப் பதியுங்கள். பதிந்ததற்கு ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்காகத்தான் அது இருக்கிறது.