கணக்கில் வராத ஓராண்டு

தொண்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “ஏழு வருஷம்னு போட்டுக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதி எட்டாவது வருஷமும் எப்படிச் செல்லுது?”

கொரோனா காலத்தில் வந்த ஓர் அறிவிக்கைதான் காரணம். துறைமுகம், பெரிய கட்டடம் போன்றவற்றுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி முன் அனுமதி வேண்டும். ஆய்வு, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம், நிபுணர் குழு, அப்புறம் அனுமதி. அதற்கு ஆயுள் உண்டு. தொற்று வந்தபோது துறைமுகங்களுக்கு அது 7 ஆண்டு.

ஊரடங்கில் தேதி சார்ந்த விதிகள் பலவும் நெகிழ்ந்தன. ராமேசுவரம், மண்டபம் விசைப்படகுகளுக்கு 61 நாள் இருந்த மீன்பிடித் தடைக்காலம் 2020-இல் 47 நாளானது. வழக்குத் தொடுப்பதற்கான கெடுவில் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கழித்துவிட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது 2021 ஜனவரி 18 அன்று வந்த அறிவிக்கை. சுற்றுச்சூழல் அனுமதிகளின் ஆயுளைக் கணக்கிடும்போது 2020 ஏப்ரல் 1 முதல் 2021 மார்ச் 31 வரையிலான காலத்தைச் சேர்க்கக் கூடாது என்றது அது. இது நீட்டிப்பு அல்ல. நீட்டிப்பு வேண்டுமென்றால் விண்ணப்பிக்க வேண்டும், அதை யாராவது பரிசீலிக்க வேண்டும். இங்கே யாரும் கேட்கவும் வேண்டாம், யாரும் தரவும் வேண்டாம். 2014 ஜனவரியில் கிடைத்து 7 ஆண்டு ஆயுள் பெற்ற அனுமதி, 2021 ஜனவரியில் முடியாமல் 2022 ஜனவரி வரை தானாகவே ஓடும்.

அதே அறிவிக்கையில் இன்னொரு வரியும் உண்டு: அந்த ஓராண்டில் செய்த வேலைகள் செல்லும். ஏன் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்? ஓராண்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால், அந்த ஆண்டில் கட்டியவர் அனுமதி இல்லாத காலத்தில் கட்டியவர் ஆகிவிடலாம். அந்த ஓட்டையை இந்த வரி அடைக்கிறது. மழையால் நின்ற கிரிக்கெட் ஆட்டத்தில் ஓவர் குறையாது, அந்த நேரத்தில் எடுத்த ரன் மட்டும் சேரும் என்பது போன்ற ஏற்பாடு. எழுதியவர் கூர்மையாக யோசித்திருக்கிறார்.

ஆனால் அனுமதி நிற்பது கடலைப் பற்றிய தரவின் மேல். 2014-இல் தந்த அனுமதி அதற்குச் சில ஆண்டு முன்பு அளந்த கடலைத்தான் அறியும். 2016-இல் நீர் சூடேறி மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் வெளுத்தன. சட்டம் கழித்த அதே ஆண்டில், 2020 டிசம்பரில், புரெவி புயல் வலுவிழந்து பாம்பனுக்குப் பக்கத்துக் கடலில் நாள்கணக்கில் நின்றது. எங்கள் கரைக்கு இரண்டு கடல். வாடைக் காற்றில் வடகடலான பாக் விரிகுடா கொந்தளிக்கும், தென்மேற்குப் பருவத்தில் தென்கடலான மன்னார் வளைகுடா. ஒரு பருவத்தில் மட்டும் அளந்தால் பாதிதான் தெரியும்.

கருத்துச் சொல்லும் மக்களின் கெடு இப்படித் தானாக நிற்கவில்லை. ஊரடங்கின் நடுவே, 2020 ஏப்ரல் 11 அன்று, 2006 அறிவிக்கைக்குப் பதிலான புதிய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் வரைவு அரசிதழில் வந்தது. கருத்துச் சொல்ல 60 நாள். அமைச்சகம் அதை ஜூன் 30 வரை நீட்டியது. டெல்லி உயர் நீதிமன்றம்தான் ஆகஸ்ட் 11 வரை கொடுத்து, தமிழ் உள்ளிட்ட 22 மொழிகளில் வரைவை வெளியிடவும் சொன்னது. அந்த அக்டோபர் 2 அன்று தமிழகத்தில் கிராம சபையும் கூடவில்லை. கட்டுபவருக்குக் கேட்காமலே கிடைத்த ஓராண்டு நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆள் இல்லாமல் யார் கட்ட முடியும்? கேள்வி கேட்பவருக்கும் அதே நியாயம் கிடைத்திருக்க வேண்டும். ஆயுள் நீளும்போதெல்லாம் இரண்டு கடலையும் மறுபடி அளக்கவும் வேண்டும். 2022 ஏப்ரலில் துறைமுகம் போன்றவற்றின் ஆயுள் 10 ஆண்டாகவே உயர்ந்திருப்பதால் இது இன்னும் அவசரம். இன்று அளப்பவருக்குக் கூலி கொடுப்பது கட்டுபவர். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. ஆண்டு முழுக்க அளக்க அங்கே அரசு பணம் ஒதுக்கலாமே.

வாசகருக்கு ஒன்று: அந்த அறிவிக்கை நிறுத்தியது ஆயுள் கணக்கை மட்டும்தான். ஒவ்வொரு ஜூன் 1, டிசம்பர் 1 அன்றும் நிபந்தனைகளை எப்படிக் கடைப்பிடித்தார்கள் என்று அனுமதி பெற்றவர் அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம், யாரும் நகல் கேட்கலாம். 2020 டிசம்பர் அறிக்கையிலிருந்து கேட்டுப் பாருங்கள்.