வெள்ளத்துக்குப் பிறகு வீடு: முதலில் உயரத்தை முடிவு செய்யுங்கள்

வெள்ளம் வடிந்த வீட்டைப் பார்க்கப் போனால், கட்டடப் பொறியாளராக நான் முதலில் தேடுவது சுவரில் தண்ணீர் நின்ற கறையை. வீட்டுக்காரர்கள் கேட்பதோ, எப்போது பெயின்ட் அடிக்கலாம் என்று. அவர்கள் அவசரம் நியாயமானதுதான். உறவினர் வீட்டில் எத்தனை நாள்தான் இருப்பது? ஆனால் தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்துவது என்று தெரியாமல் வேலையை ஆரம்பித்தால், அடுத்த வெள்ளத்தில் போட்ட பணமெல்லாம் போய்விடும்.

கறை இருக்கும் உயரத்தோடு சேதம் நின்றுவிடுவதில்லை. உட்சுவருக்குப் பயன்படும் ஜிப்சம் போர்டு என்ற பலகை, விளக்குத் திரி மாதிரி தண்ணீரை மேலே இழுக்கும். கறைக்கு மேலேயும் ஈரம் இருக்கும். நனைந்த போர்டை வெட்டி எடுத்து, உள்ளே நன்றாகக் காயவிட வேண்டும். காயவிடாமல் மூடினால் பூஞ்சைதான்.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலின்போது வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சுமார் 80 சதவீதம் மூழ்கியது. தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய பழைய சைப்ரஸ் மரவீடுகள் பல, காய்ந்த பிறகு மீண்டும் பயன்பட்டன. பிற்காலத்தில் சதுப்பு நிலத்தை வடித்து, தரையோடு ஒட்டி கான்கிரீட் தளம் போட்டுக் கட்டிய வீடுகள் அப்படித் தப்பவில்லை.

சரி, உயர்த்திக் கட்டப் பணம்? அங்கே நடந்த அநியாயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வீடு சேதமானவர்களுக்கு உதவ அரசு கொண்டுவந்த 'ரோடு ஹோம்' திட்டத்தில் வீட்டின் பழைய சந்தை விலை, சேதத்தைச் சரிசெய்யும் செலவு, இரண்டில் எது குறைவோ அதை வைத்து உதவித்தொகையைக் கணக்கிட்டார்கள். உச்சவரம்பு 1,50,000 டாலர். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் வீட்டு விலை குறைவு. அதனால் சேதம் ஒரே அளவாக இருந்தும் அவர்களுக்குக் கிடைத்தது குறைவு. சிமென்ட்டும் கூலியும் ஏரியா பார்த்தா விலை மாறும்? இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 2011இல்தான் சமரசத்தில் முடிந்தது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் ஊர் திரும்பும் வழி அடைபட்டிருந்தது.

எல்லா இடத்திலும் மறுபடி கட்டலாம் என்றும் நான் சொல்லவில்லை. மிகத் தாழ்வான இடங்களைத் தண்ணீருக்கு விடுவதுதான் சரி. ஆனால் 2006 தொடக்கத்தில் அந்த நகரில் வெளியான வரைபடம் ஒன்றில், பூங்காவாகலாம் என்று பச்சை வட்டம் போட்ட பகுதிகளின் மக்கள் கொதித்துப் போனார்கள். மாற்று வீடு எங்கே, எப்போது என்று சொல்லாமல் வரைபடத்தை மட்டும் காட்டினால் யார்தான் ஒப்புக்கொள்வார்கள்?

பொறியாளர்கள் சொல்லும் 'நூறாண்டு வெள்ளம்' ஒவ்வொரு ஆண்டும் வர 1 சதவீத வாய்ப்புள்ளது. 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு 26 சதவீதம். எனவே நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கும் முன் அந்த வெள்ளம் உங்கள் தெருவில் எந்த உயரம்வரை வரும் என்ற மட்டத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தரைமட்டத்தை அதற்கு மேல் உயர்த்தும் செலவையும் எஸ்டிமேட்டில் தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.