ஜி.எச். அவசரப் பிரிவில் காத்திருப்பு ஏன் நீள்கிறது?

சேலத்திலிருந்து பவானி, பெருந்துறை, அவிநாசி வழியாகக் கோவைக்குப் போகும் 544-ஆம் எண் நெடுஞ்சாலையில் அடிபட்டவர் இன்று செலவுக்குப் பயந்து தயங்க வேண்டியதில்லை. 108 வந்துவிடும், 2021-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நல்லதுதான். ஆனால் அவசரப் பிரிவுக்கு வருபவர்கள் கொஞ்சம் கூடினாலே காத்திருக்கும் நேரம் மளமளவென ஏறிவிடும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. டெலிபோன் அழைப்புகளின் நெரிசலை அளக்க டென்மார்க்கின் கணித அறிஞர் எர்லாங் 1909-இல் தொடங்கிவைத்தது. ஒரே டாக்டர், ஒருவரைப் பார்க்கச் சராசரியாக 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 10 மணி நேரத்தில் 60 பேரைப் பார்க்கலாம். 30 பேர் என்ற வேகத்தில் வந்துகொண்டிருந்தால் சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம். 48 பேர் என்றால் 40 நிமிடம். 54 என்றால் ஒன்றரை மணி நேரம். 57 ஆனால் மூன்று மணி நேரத்தையும் தாண்டும்! கூடியது மூன்றே பேர்தான்.

காரணம், நோயாளிகள் பத்து நிமிடத்துக்கு ஒருவராக வருவதில்லை. அரை மணி நேரம் யாருமே வரமாட்டார்கள். அப்புறம் ஒரு வேன் கவிழ்ந்து ஆறு பேர் ஒன்றாக வருவார்கள். டாக்டர் சும்மா இருந்த அந்த அரை மணி நேரத்தைச் சேமித்துவைத்து இப்போது எடுத்துச் செலவழிக்க வழியில்லை.

சரி, உயிருக்குப் போராடுபவரை வரிசையில் நிற்க வைப்பதா? அதற்குத்தான் அவசரத்துக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வாசலிலேயே பிரிக்கிறார்கள். இதனால் மொத்தக் காத்திருப்பு குறையாது. சிவப்பின் பங்கும் பச்சையின் தலையில் ஏறும். காய்ச்சலோடு வந்தவர் முணுமுணுப்பது நியாயம்தான், என்றாலும் வேறு வழியில்லை.

உண்மையான முடிச்சு பெரும்பாலும் வாசலில் இல்லை, உள்ளே இருக்கிறது. தலைக்கட்டு போட்டு, ஸ்கேன் எடுத்து முடித்தவருக்கு வார்டில் பெட் இல்லையென்றால் அவர் அவசரப் பிரிவிலேயே கிடப்பார். அடுத்தவருக்கு இடம் போயிற்று. காத்திருப்போர் கூடத்தில் நாற்காலி கூட்டிப் பயனில்லை. வார்டில் டிஸ்சார்ஜ் சீட்டைச் சாயங்காலம் வரை தள்ளாமல் காலை ரவுண்ட்ஸிலேயே எழுதினால், மத்தியானத்துக்குள் கட்டில்கள் காலியாகும்; கீழே வரிசையும் நகரும்.