ஏரியின் சுண்ணாம்புக் கையிருப்பு

மழைநீர் இயல்பிலேயே சற்று அமிலமானது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் மாசற்ற மழையின் பிஎச் (அமில அளவுகோல்: 7 நடுநிலை, கீழே அமிலம், மேலே காரம்) 5.6 அளவில் இருக்கும். நிலக்கரியும் டீசலும் எரிந்து வெளிவரும் கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் மேகத்தில் அமிலமாக மாறும்போது அது மேலும் இறங்குகிறது. பிஎச் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடிவிட்டது என்று பொருள். நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியில் மின்சாரம் எடுக்கும் கடலூர் மாவட்டத்துக்கும் பக்கத்திலுள்ள புதுச்சேரிக்கும் இது எங்கோ நடக்கும் சங்கதி அல்ல.

பாசி படர்ந்த நம் ஏரிகளில் பகலில் பிஎச் மீட்டரை வைத்தால் பெரும்பாலும் காரப் பக்கமே காட்டும். அதைக் கண்டு நிம்மதி அடைவதை நான் ஏற்கமாட்டேன். பாசிகள் வெயிலில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும்போது பிஎச் ஏறும், விடியற்காலையில் இறங்கியிருக்கும். ஒரே ஏரி, ஒரே நாள், இரண்டு எண்கள். எனவே நீண்டகாலக் கண்காணிப்பில் முதலிடம் காரத்தன்மைக்கே. பிஎச் காட்டும் காரம் வேறு, இது வேறு: நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் உப்பு எவ்வளவு அமிலத்தை முறிக்க வல்லது என்ற கணக்கு இது. மண்ணிலும் பாறையிலும் உள்ள கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, கரைந்து இந்தக் கையிருப்பை நிரப்புகிறது. கணக்கில் பணம் இருக்கும்வரை காசோலை திரும்பாததைப் போல, காரத்தன்மை இருக்கும்வரை பிஎச் பெரிதாக அசையாது. தீர்ந்ததும் சட்டெனச் சரியும். பிறகு மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வந்து மீன்களின் செவுள்களைத் தாக்கும்.

கனடாவின் ஒண்டாரியோவில் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரின் குழு, 223 என்று எண்ணிட்ட ஏரியில் 1976 முதல் சிறிது சிறிதாகக் கந்தக அமிலம் சேர்த்து, பிஎச்சை 6.8-இலிருந்து சுமார் 5.0-க்குக் கொண்டுவந்தது. பெரிய டிரவுட் மீன்களை அமிலம் நேரடியாகக் கொல்லவில்லை. அவற்றின் இரையான சிறு கூனிகளும் பொடிமீன்களும் முன்பே அழிந்துபோனதால் அவை பட்டினியில் இளைத்தன. மீன் செத்து மிதந்த பிறகு அளக்க வருபவர்களுக்கு இந்த வரிசை தெரியவே தெரியாது.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பார்ட் புரூக் காட்டு ஓடைகளை 1963 முதல் அளந்து வருகிறார்கள். சட்டங்கள் வந்து புகை குறைந்தது, மழையில் கந்தகமும் குறைந்தது. ஓடைகள் மட்டும் எதிர்பார்த்தபடி மீளவில்லை. பல பத்தாண்டு அமில மழை மண்ணின் கால்சியத்தையே கரைத்துக்கொண்டு போயிருந்தது என்று 1996-இல் வெளியான ஆய்வு காட்டியது. நீண்ட பதிவேடு இல்லாமல் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியாவில் காற்றில் பறக்கும் கால்சியம் மிகுந்த புழுதி மழையின் அமிலத்தை ஓரளவு முறித்துவிடுகிறது. தரையோ இடத்துக்கு இடம் மாறுகிறது. புதுச்சேரிக்கு வடமேற்கே வழுதாவூர்ப் பக்கம் சுண்ணாம்புப் பாறை உண்டு. கடலூர் கேப்பர் மலையும் கோரிமேட்டுச் செம்மண் மேடும் இரும்புக் கறை ஏறிய கடலூர் மணற்பாறை. சுண்ணாம்பு மிகக் குறைவு. பாகூர் ஏரிக்குப் பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணை நீர் வருகிறது. நெடுந்தூரம் மண்ணையும் பாறையையும் தொட்டு வரும் ஆற்றுநீர் பைகார்பனேட்டையும் கொண்டுவரும். அதனால் முதலில் கண் வைக்க வேண்டியவை, மழையை மட்டுமே நம்பிச் செம்மண் மேட்டில் கிடக்கும் சிறு குட்டைகள் என்பது என் கருத்து. பெரிய ஏரிகளைக் கவனிக்க எப்படியும் ஆள் இருக்கிறது.

கடலோரத்தில் ஒரு கூடுதல் வேலை உண்டு. புகையின் கந்தகம் மழையில் சல்ஃபேட்டாக வருகிறது, ஆனால் அலைத்துளிகளும் மழையில் சல்ஃபேட் சேர்க்கின்றன. கடல்நீரில் சோடியத்தின் எடையில் கால் பங்கு அளவு சல்ஃபேட் இருப்பதால், மழையின் சோடியத்தை அளந்து கடலின் பங்கைக் கழித்துவிடலாம். மீதியில் பெரும்பகுதி புகையின் பங்கு.

மாதிரி எடுப்பதில் நுட்பத்தைவிடப் பிடிவாதமே முக்கியம். ஆண்டுதோறும் அதே இடம், அதே பருவம், அதே விடியற்காலை. பாட்டிலை அந்த நீராலேயே மும்முறை அலசி, காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பிக் குளிரில் வைக்க வேண்டும். புதிய கருவி வந்தாலும் பழையதைச் சில காலம் கூடவே ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் வரைபடத்தில் தெரியும் சரிவு குட்டையுடையதா கருவியுடையதா என்று பிரித்தறிய முடியாது.